குதிரையால் வாந்தி எடுக்க முடியாது! ஒரு வேளைத் தீவனம் உயிருக்கே உலை வைப்பது எப்படி? குதிரை வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராத்திரி தொட்டி நிறைய கொள்ளு தின்றுவிட்டு நன்றாக நின்ற குதிரை, விடியற்காலையில் தரையில் விழுந்து புரள்கிறது. உடம்பெல்லாம் வியர்வை. மருத்துவர் வருவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. "யாரோ விஷம் வச்சுட்டாங்க" என்ற பேச்சு கிளம்பும். ஆனால் பல நேரங்களில் காரணம் விஷம் இல்லை, தீவனம்தான்.

மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரை, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரை, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரை, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் விலை பேசப்படும் குதிரை என எல்லாவற்றுக்கும் பொதுவான எமன் ஒன்று உண்டு. அது வயிற்று வலி. கால்நடை மருத்துவர்கள் இதை 'கோலிக்' என்பார்கள். பழைய தமிழ் வார்த்தை சூலை.

வெறும் வயிற்று வலியில் ஒரு குதிரை சாகுமா? சாகும். ஏன் என்று பார்ப்போம்.

மாடு வேற, குதிரை வேற

குதிரையை மாடு மாதிரி நினைப்பதுதான் முதல் தப்பு. மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். அவசரமாக விழுங்கியதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு இருப்பது ஒரே இரைப்பை. அதுவும் 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும், அதாவது கிட்டத்தட்ட ஒரு குடம். 300, 400 கிலோ உடம்புக்கு இது ரொம்பச் சின்னது.

இரைப்பையின் வாசலில் இருக்கும் தசை வால்வு ஒருவழிப்பாதை போன்றது. உள்ளே போனது மேலே திரும்பாது. நமக்கு ஒத்துக்கொள்ளாததைத் தின்றால் வாந்தி எடுத்துத் தப்பித்துவிடுவோம். குதிரைக்கு அது முடியாது. உள்ளே தீவனம் ஊறி உப்பினாலும், புளித்து வாயு சேர்ந்தாலும் வெளியேற வழியில்லை. அளவு மீறினால் இரைப்பையே கிழிந்துவிடும். அதன்பிறகு எந்த மருத்துவராலும் காப்பாற்ற முடியாது.

இன்னொரு ஆபத்து குடலில் இருக்கிறது. குதிரை தின்னும் புல் பெருமளவு செரிப்பது இரைப்பையில் இல்லை, பின்குடலில். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அந்தப் பெருங்குடல் பல மடிப்புகளாக மடிந்து கிடக்கும். அதில் ஓரிடத்தில், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல ஒரு திருப்பம், அங்கே குடலும் சட்டென்று குறுகும். தண்ணீர் போதாமல் காய்ந்துபோன தீவனம் வந்து அடைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். தின்றாலும் சுரக்கும், தின்னாவிட்டாலும் சுரக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம் வரை மேயும் பிராணி இது. அதைக் காலையில் ஒரு தொட்டி, ராத்திரி ஒரு தொட்டி என்று நிறுத்தி, நடுவில் வெறும் வாயோடு கட்டிப்போட்டால் இரைப்பையில் புண் வராமல் என்ன செய்யும்?

கொள்ளு கெட்டதா?

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையை வைத்தே நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அந்த அளவுக்குக் குதிரையும் கொள்ளும் ஒட்டிப்போனவை. கொள்ளில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது. உழைக்கும் குதிரைக்கு நல்ல தீவனம்தான். கொடுக்கிற அளவும் விதமும்தான் பிரச்சினை.

காய்ந்த கொள்ளை அப்படியே போட்டால் வயிற்றுக்குள் போய் ஊறி உப்பும். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களும் பச்சைக் கொள்ளில் உண்டு. ஊறவைத்து வேகவைத்துக் கொடுப்பது பெரியவர்கள் கண்டுபிடித்த சரியான வழி. ஆனால் வேகவைத்ததை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். நேற்று மீந்து புளித்துப்போனதை இன்று போட்டால் அதுவே வினையாகும்.

அளவு? 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளையில் தானியம், கொள்ளு, தவிடு எல்லாம் சேர்த்து உலர்ந்த எடையில் ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் மூன்று, நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். முதலில் புல், பிறகு கொள்ளு என்ற வரிசையும் முக்கியம். பசியோடு இருக்கும் குதிரை கொள்ளை மெல்லாமல் அள்ளி விழுங்கும். புல்லைத் தின்று பசி ஆறியிருந்தால் நிதானமாக மெல்லும்.

சோறு, கஞ்சி, ஹோட்டலில் மீந்த சாம்பார் சாதம் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மாவுச்சத்து அளவுக்கு மீறினால் சிறுகுடலில் செரிக்காமல் பின்குடலுக்கு வழிந்துபோகும். அங்கே அமிலம் பெருகி நல்ல நுண்ணுயிரிகள் செத்து, நச்சு ரத்தத்தில் கலக்கும். அடுத்த சில நாட்களில் குளம்புக்குள் இருக்கும் மென்மையான அடுக்கு வீங்கிவிடும். குதிரை முன்காலை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நிற்கும். நடக்கவே தயங்கும். வயிற்றில் போட்டது காலில் வந்து நிற்கும் என்பது இதுதான். முற்றினால் அந்தக் குதிரை மறுபடி சவாரிக்கு ஆகாது.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல் கப்பலாக வந்திறங்கும் குதிரைகளில் பெரும்பாலானவை ஒரு வருஷம்கூடத் தாங்காமல் செத்துப்போவதாக எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இல்லை, அரிசிச் சோற்றோடு இறைச்சியைச் சமைத்துப் போடுகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பயணிகளின் குறிப்பில் மிகை இருக்கத்தான் செய்யும். ஆனால் 700 வருஷத்துக்குப் பிறகும் சோற்றுப் பானை லாயத்தை விட்டுப் போகவில்லை என்பது உண்மை.

அப்போ என்னதான் கொடுக்கணும்?

புல். முதலிலும் புல், முடிவிலும் புல். உடல் எடையில் குறைந்தது ஒன்றரை சதவீதம், முடிந்தால் 2 சதவீதம் உலர் தீவனமாக நார்ச்சத்து உள்ளே போக வேண்டும். 300 கிலோ குதிரைக்கு இது நாளுக்கு 5 முதல் 6 கிலோ காய்ந்த புல். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் பச்சையாகக் கொடுத்தால் 20 முதல் 25 கிலோ தேவை. சென்னை மாதிரி ஊரில் இவ்வளவு புல்லைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சவாரி கிடைக்காத நாளிலும் குதிரை தின்னும் என்பதெல்லாம் நியாயமான கஷ்டம். அதனால்தான் பலர் புல்லைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டுகிறார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கோதுமைத் தவிடு, அரிசித் தவிடு இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் தவிட்டையே நம்பினால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முக எலும்பு உப்பி, தலை பெருத்த மாதிரி தெரியும். கால் நொண்டும். தமிழ்நாட்டில் மாடு வளர்ப்போர் பரவலாகப் பயிரிடும் கோ-4, கோ-5 போன்ற கம்பு நேப்பியர் புல்லிலும் எச்சரிக்கை தேவை. அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகள் அதைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அது கஷ்டம். நேப்பியர் மட்டுமே போடாமல் வேறு புல்லையும் கலக்க வேண்டும். கூடவே கொஞ்சம் குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருக்கும் இந்தத் தீவனப்பயிரில் கால்சியம் நிறைய உண்டு.

வைக்கோலை மட்டும் நம்புவதும் ஆபத்து. சத்தும் குறைவு, தண்ணீர் போதாவிட்டால் குடலை அடைக்கவும் செய்யும். பூசணம் பிடித்த மக்காச்சோளம், கடலைக்கொடி எதையும் "குதிரைதானே, தின்னட்டும்" என்று போடக் கூடாது. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் ஒரு நச்சு, குதிரையின் மூளையையே பாதிக்கும்.

மாட்டுத் தீவன மூட்டை, கோழித் தீவன மூட்டை பக்கம் குதிரையை விடவே விடாதீர்கள். சில தீவனங்களில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் உரிய அளவில் தொல்லை இல்லை. ஆனால் குதிரையின் இதயத் தசையை அது சிதைத்துவிடும். மிகக் குறைந்த அளவே உயிரைப் பறிக்கப் போதும்.

தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். 10 முதல் 14 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். சந்தையில் குதிரை வாங்குபவர்கள் பழைய உரிமையாளரிடம் பல்லைப் பார்த்து வயசு கேட்பதோடு, "என்ன தீனி போட்டீங்க?" என்றும் கேட்டு, முடிந்தால் நாலு நாளைக்கு அதே தீவனத்தையும் கையோடு வாங்கிவருவது நல்லது.

மணலும் தண்ணீரும்

கடற்கரைக் குதிரைகளுக்குத் தனியாக ஒரு பிரச்சினை. தரையில் கொட்டிய தீவனத்தோடு மணலும் உள்ளே போகும். அது குடலின் அடியில் படிந்து, மாதக்கணக்கில் சேர்ந்து, ஒரு நாள் அடைத்துக்கொள்ளும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தரையில் படாத நான்கைந்து லத்தி உருண்டைகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தீவனத்தைத் தொட்டியிலோ, வாயில் மாட்டும் பையிலோ கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணீர் ஒரு நாளைக்குக் குறைந்தது 25 லிட்டர். வெயில் காலத்தில், உழைக்கும் குதிரைக்கு 40 லிட்டரைத் தாண்டும். வேலை முடிந்து வியர்வையோடு நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும் தாராளமாகக் குடிக்க விடலாம். வியர்வையில் உப்பும் போய்விடுவதால் தினமும் 30 கிராம் சாதாரண உப்பைத் தீவனத்தில் கலக்கலாம்.

குடற்புழு நீக்கம், வருஷத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை இரண்டையும் விட்டுவிடக் கூடாது. பல் தேய்ந்து கூர்மையான குதிரை சரியாக மெல்லாது, மெல்லாதது குடலில் அடைக்கும். லாடமும் ஆணியும் புழங்கும் காலுக்கு டெட்டனஸ் தடுப்பூசியும் அவசியம். அந்த நோய் குதிரையை மிக எளிதில் தாக்கும்.

வலி வந்துவிட்டால்?

தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. முன்காலால் தரையைப் பறிக்கும். தலையைத் திருப்பி விலாவையே பார்க்கும். படுக்கும், எழும், புரளும். சிறுநீர் கழிப்பது போல உடம்பை நீட்டும், ஆனால் வராது. லத்தி நின்றுபோகும். இதில் இரண்டு மூன்று தெரிந்தாலே வயிற்று வலி என்று முடிவுசெய்து, எதிரே இருக்கும் தீவனத்தை எடுத்துவிடுங்கள்.

பிறகு நாடித்துடிப்பைப் பாருங்கள். தாடை எலும்பின் உட்புறம் விரல் வைத்தால் ரத்தக்குழாய் துடிப்பது தெரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். 60ஐத் தாண்டினால் நிலைமை மோசம். ஈறு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்தோ, கருஞ்சிவப்பாகவோ இருந்தாலும் அப்படித்தான்.

இந்த நேரத்தில் பலரும் செய்வது, தலையைத் தூக்கிக் கட்டி மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயோ ஓமத் தண்ணீரோ ஊற்றுவது. தயவுசெய்து வேண்டாம். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஏற்கெனவே உப்பியிருக்கும் இரைப்பையில் மேலும் ஊற்றினால் கிழியும். எண்ணெய் கொடுப்பதாக இருந்தாலும் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, முதலில் உள்ளே இருக்கும் வாயுவையும் நீரையும் வெளியேற்றிய பிறகுதான் கொடுப்பார். வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு அந்தக் குழாய்தான் வாந்தி.

மருந்துக் கடையில் வலி ஊசி வாங்கிப் போடுவதும் தப்பு. வலி மறையும், அடைப்பு மறையாது. குடல் முறுக்கியிருந்தால் அறுவை சிகிச்சைக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். ஊசி அந்த நேரத்தைத் தின்றுவிடும். குதிரைக்கு அறுவை சிகிச்சை செய்யும் வசதி எல்லா ஊரிலும் இல்லை என்பதால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். பலமாகப் புரண்டால் எழுப்பி மெதுவாக நடத்தலாம், ஓடவிடக் கூடாது. துடித்துக்கொண்டிருந்த குதிரை திடீரென்று அமைதியாகி, உடம்பு சில்லிட்டு வியர்த்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரைப்பையோ குடலோ கிழிந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையையோ, 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையோ உடனே அழையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். வலி எப்போது ஆரம்பித்தது, கடைசியாக என்ன தின்றது, எப்போது லத்தி போட்டது, நாடித்துடிப்பு எத்தனை, ஏற்கெனவே ஏதாவது கொடுத்தீர்களா என்பதைப் போனிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கட்டு அவிழ்ந்த குதிரை தானிய மூட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டால் மட்டும் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷம் அது நன்றாகத்தான் நிற்கும். அப்போதே அழைத்துவிடுங்கள்.