பூமணமும் பழமணமும்

ஈப்போவில் வாசனைத் தைலம் விற்கும் என் பழைய மாணவி ஒருத்தி, சென்ற விடுமுறையில் எம் இல்லம் வந்தபோது, பெண்டிர் பூசும் சென்ட் புட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். “ஐயா, வாங்க வருவோர் இதன் மணம் எப்படி என்று கேட்டால், ‘ஸ்வீட்டா இருக்கும்’ என்பதற்குமேல் எனக்குத் தமிழில் சொல் வரவில்லையே” என்றாள். அவளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். ஆதலின் அக்குறை என்னையே சுட்டது.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நறுமை, விரை, வெறி, கடி, கமழ்தல் எனப் பல உள. ‘நாற்றம்’ என்பதும் பண்டு நறுமணமே. 1113ஆம் குறளில் தலைவியின் மணத்தைக் குறிப்பது அச்சொல்லே. இன்று அதைச் சொன்னால் வாங்க வந்த பெண்மணி கடையை விட்டே போய்விடுவார்! ஆயினும் மணத்தை நோக்கும் முறை அறியாதார்க்குச் சொற்கள் மட்டும் பயன்படா.

மணம் நேரத்துக்கு நேரம் மாறுவது. பூசியவுடன் எழுவது எலுமிச்சை, பேரிக்காய் போன்ற, விரைந்து ஆவியாகும் மணம். அது தணிந்தபின் பூமணம் விரியும். சில மணி நேரம் கழித்து எஞ்சுவது வெனிலா, சந்தனம், கஸ்தூரி போன்ற அடிமணம். ஆகவே முகர்ந்தவுடன் தீர்ப்புக் கூறல் தகாது. தானா ராத்தாவின் குளிரில் இம்மாற்றம் மெதுவாகவும், ஈப்போ வெயிலில் விரைவாகவும் நிகழும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி, இதிலுள்ள பழமணம் பழத்தைப் பிழிந்து பெற்றதா? எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலில் மண எண்ணெய் உண்டு. பீச் பழத்திலிருந்து அவ்வாறு எடுத்தல் எளிதன்று. அதன் மணத்தைத் தருவது காமா அண்டெகாலாக்டோன் என்னும் வேதிப்பொருள். 1919இல் ஜாக் கெர்லான் தாம் ஆக்கிய ‘மிட்சுகோ’ என்னும் வாசனைத் தைலத்தில் இதனைச் சேர்த்துப் புகழ் பெற்றார்.

பூவோடு பழத்தைக் கூட்டுதல் இயற்கைக்கு மாறானதென எண்ண வேண்டா. மல்லிகையிலேயே பென்சைல் அசிடேட் உண்டு. தனியே முகர்ந்தால் அது பழம்போல் இனிக்கும். அப்பூவிலேயே இண்டோல் என்பதும் உண்டு. சிறிதளவாயின் அது மணத்துக்கு உயிர்ப்பூட்டும். மிகுந்தால் மூக்கைப் பொத்த வைக்கும். நாற்றம் என்ற சொல்லின் இரு பொருளும் ஒரே பூவிற்குள் அடங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பே.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்பயிற்சி கடினமன்று. தொழிற்சாலையில் கொழுந்து வாடும்போது எழும் மணத்தில் லினலூல், ஜெரானியால் ஆகியன உள்ளன. பல பூக்களின் மணமும் அவற்றால் ஆயதே. இம்மணத்தினூடே வளர்ந்தவளே என் மாணவியும்.

ஒரு துளியைத் தாளிலும் ஒரு துளியை அவள் மணிக்கட்டிலும் இட்டு, மாலைவரை மும்முறை முகர்ந்தோம். இறுதியில் என் மனைவியார், “பூக்கடைக்குள் நுழைந்து மிட்டாய்க்கடை வழியாக வெளியே வந்ததுபோல் இருக்கிறது” என்றார். என் கருத்தும் அதுவே. ‘முதலில் பேரிக்காயின் நறுமை, பின்னர் மல்லிகை மெல்லக் கமழும், முடிவில் வெனிலாவின் இனிப்பு விஞ்சும்’ என்று மாணவி குறித்துக்கொண்டாள்.

“கடைசி வரியை மட்டும் கடையில் சொல்லமாட்டேன் ஐயா” என்று சிரித்தாள்.