அழுத்தத்திற்கு ஓர் எல்லை

சாலைப் பணியிடங்களிலும் கல்குவாரிகளிலும் மண்ணை அள்ளிக் குவிக்கும் பொறியைத் தமிழ்நாட்டு மக்கள் 'பொக்லைன்' என்றே அழைக்கின்றனர். பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர் பொறிக்கே பெயராகி நிலைத்துவிட்டது. பாறையைப் பெயர்க்கும் அப்பொறியின் கைக்கு வலிமை தருவது எண்ணெய். அவ்வலிமை எல்லை மீறாமல் காப்பது, அழுத்த விடுவிப்பு வால்வு என்னும் சிறு கருவி. பணிமனைகளில் இதனை 'ரிலீஃப் வால்வு' என்பர்.

எண்ணெயின் வலிமை

அடைபட்ட நீர்மத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்பது பாஸ்கல் விதி. இவ்விதியின் அடிப்படையில் அமைந்த நீரியல் அழுத்திக்கு 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்றார். சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோகிராம் எடையளவு அழுத்தம், 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மீது செயற்பட்டால், ஏறத்தாழ 27 டன் எடைக்கு நிகரான விசை பிறக்கும்.

பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது; அதன் ஓட்டத்திற்கு நேரும் தடையே அழுத்தத்தை உண்டாக்குகிறது. வாளி பாறையில் சிக்கி நின்றாலும் பம்பு எண்ணெயைத் தள்ள முயலும், அழுத்தம் ஏறும். குறித்த அளவை அது எட்டியதும், சுருள்வில்லின் விசையை வென்று வால்வு திறக்கும். மிகுதி எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். ஏரி நிறைந்ததும் மிகைநீரைக் கலிங்கு வெளியேற்றிக் கரையைக் காப்பது போன்றது இது.

சோதிக்கும் முறை

பொறியைச் சமதரையில் நிறுத்தி, வாளியைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்த வேண்டும். குழாய்களில் தேங்கிய அழுத்தத்தைக் கையேடு கூறும் முறைப்படி நீக்கிய பின்னரே, சோதனைத் துளையில் அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். எதிர்பார்க்கும் அழுத்தத்தினும் கூடுதலாக அளக்கவல்ல மானியே ஏற்றது. குளிர்ந்த எண்ணெய் தடித்திருக்கும். ஆதலின், குறித்த வெப்பநிலையை எண்ணெய் அடைந்த பிறகே அளத்தல் வேண்டும். பின்னர், எஞ்சினை உரிய வேகத்தில் ஓட்டி, சிலிண்டரை அதன் கடைசி எல்லைவரை நீட்டி, அந்நிலையில் சில நொடிகள் மட்டும் நிறுத்தி அளவைக் குறிக்க வேண்டும். நீண்ட நேரம் நிறுத்தினால், வால்வின் வழியே பாயும் எண்ணெயின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும்.

திருத்தும் முறை

அளவு குறைந்திருப்பின் உடனே திருகாணியை முறுக்குதல் கூடாது. எண்ணெயின் அளவு, பம்பின் தேய்மானம், வால்வின் இருக்கையில் சிக்கிய தூசி ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். பிற பகுதிகள் சீராக இருந்தால் மட்டுமே, பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். பெரும்பாலான வால்வுகளில் வலஞ்சுழியாகத் திருப்பினால் அழுத்தம் கூடும். நட்டை மீண்டும் இறுக்கியபின், மறுபடியும் அளந்து உறுதிசெய்தல் இன்றியமையாதது.

தவறான எண்ணம்

பொறி மெதுவாக இயங்கினால் அழுத்தத்தைக் கூட்டிவிடலாம் எனச் சிலர் கருதுவர். வேகத்தைத் தருவது எண்ணெய் பாயும் அளவு. விசையைத் தருவதே அழுத்தம். எனவே, தேய்ந்த பம்பினால் வந்த மந்தத்தை வால்வைத் திருகிப் போக்க இயலாது. கையேடு விதித்த எல்லையைத் தாண்டினால் குழாய் வெடிக்கலாம், சிலிண்டர் சிதையலாம்.

உயிருக்கும் இடருண்டு. ஊசித் துளையளவு கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுள் புகும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும், உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஆகவே, கசிவைக் கையால் தடவித் தேடாமல் அட்டைத் துண்டை நீட்டியே அறிய வேண்டும்.

கலிங்கின்மேல் மணல்மூட்டை அடுக்கினால் ஏரியில் நீர் கூடும். கரையின் வலிமை கூடாது. விடுவிப்பு வால்வைத் திருத்துவோர் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.