உருளைக்கிழங்குக்குப் படிக்கட்டு!

நீலகிரியில் பெருமழை ஓய்ந்ததும் காய்கறித் தோட்டங்களை ஒட்டிய ஓடைகளைப் பாருங்கள். தண்ணீர் பால் டீ நிறத்தில் போகும். போவது தோட்டத்தின் மேல்மண். கடன் வாங்கிப் போட்ட உரமும் அதோடு சேர்த்தி. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

சரிவுக்குக் குறுக்கே பாத்தி பிடித்தால் மண் நிற்கும் என்பது விவசாயிகளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் தண்ணீர் தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகிவிடும். அதனால்தான் பலர் மேலிருந்து கீழாகவே பாத்தி போடுகிறார்கள். தண்ணீர் வடிந்துவிடுகிறது, மண்ணையும் கூட்டிக்கொண்டு!

இதற்கு வழி, சரிவைப் படிப்படியாக வெட்டுவது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு படியும் பள்ளத்தின் பக்கம் சாயாமல், மலையின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். மழைநீர் படியின் உள்ஓரத்தில் சேரும். அங்கே நீளவாக்கில் சிறு வாட்டத்துடன் வாய்க்கால் எடுத்தால், தேங்காமலும் பாயாமலும் நிதானமாகப் பக்கத்து வடிகாலுக்குப் போய்விடும். வடிகாலிலும், படிகளின் மண்சுவரிலும் புல் இருப்பது அவசியம்.

வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து, முடிந்தபின் திரும்பப் பரப்ப வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் சத்தில்லாத அடிமண் மேலே வந்து, முதல் சில போகங்களுக்கு விளைச்சல் படுத்துவிடும்.

செலவுதான் கையைக் கடிக்கும். முடியாதவர்கள், சரிவின் குறுக்கே இடைவெளி விட்டு அடர்த்தியாகப் புல் வரிசை நடலாம். புல் தண்ணீரை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த மண் சேர்ந்து சேர்ந்து, சில வருடங்களில் தானாகவே படி உருவாகிவிடும். அறுத்த புல் மாட்டுக்கு!