கேட்ச் பிடிக்கப் போனவன் காதலியை மறந்த கதை

'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' 2012-இல் வந்த படம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரேம் (விஜய் சேதுபதி) நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போகிறான். கேட்ச் பிடிக்கப் பின்னால் ஓடி மல்லாக்க விழுகிறான். தலையில் அடி. எழுந்து உட்கார்ந்தவனுக்கு நண்பர்களைத் தெரிகிறது. காதலித்து, வீட்டில் சம்மதம் வாங்கி, கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைத் தெரியவில்லை.

இப்படியெல்லாம் நடக்குமா? நடந்தது. அடிபட்டவர் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாரேதான். நண்பருக்கு நேர்ந்ததை இயக்குநர் பாலாஜி தரணீதரன் படமாக்கினார். (பள்ளிக் காதலை எத்தனை வருடமானாலும் மறக்காதவனின் கதையை, 2018-இல் '96' என்று எடுத்தவரும் இதே பிரேம்குமார்தான். வேடிக்கைதான்!)

அதெப்படி, நண்பர்கள் நினைவிருக்க, காதலி மட்டும் மறந்துபோவாள்? 'மனசில் இடமில்லை போல' என்று நினைக்காதீர்கள். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரையை எண்ணிப் பாருங்கள். பழைய பகுதி இறுகிவிட்டது, நேற்றுப் பூசியது இன்னும் ஈரம். மண்டையில் அடி விழுந்தால் ஈரமாக இருப்பதுதான் முதலில் கலையும். நட்பு பழசு, காதல் புதுசு. இதைப் பின்னோக்கிய மறதி (அடிபடுவதற்கு முன் நடந்தவை மறப்பது) என்பார்கள்.

கேட்டதையே ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறான்? 'என்னாச்சு?' என்று அவன் ஆரம்பிக்கும்போதெல்லாம் தியேட்டரே சிரித்தது. ஆனால் படத்திலேயே மிக உண்மையான இடம் அதுதான். புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் (மூளையின் உட்புறத்தில் உள்ள சிறு பகுதி) தற்காலிகமாக வேலை செய்யவில்லை. நீங்கள் சொன்ன பதில் காதில் விழுகிறது, புரிகிறது, சில நிமிடத்தில் போய்விடுகிறது. அவனைப் பொறுத்தவரை ஒவ்வொரு முறையும் முதல் முறைதான்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டால்? எரிந்து விழாதீர்கள், நடிப்பு என்றும் நினைக்காதீர்கள். ஒரே பதிலை, சின்னதாக, நிதானமாகச் சொல்லுங்கள். ஆனால் சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மறதி வந்துவிட்டாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது? திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிவது, எழுப்பினாலும் எழாத மயக்கத் தூக்கம். இதில் ஒன்று இருந்தாலும் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் என்றால், லேசான அடிக்கும் காட்டிவிடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். பைக் ஓட்ட விடாதீர்கள். 'சரியாகிட்டேன் மச்சான்' என்று அன்றைக்கே மறுபடி பேட்டைத் தூக்கினால் பிடுங்கி வையுங்கள்.

இன்னொரு அடி பட்டால் நினைவு திரும்புமாமே? அது பழைய படங்கள் கட்டிவிட்ட கதை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

படத்தில் நண்பர்கள் விஷயத்தை வீட்டுக்குச் சொல்லாமல் மூடி மறைத்து, அவனை ரிசப்ஷன் மேடையில் நிறுத்துவார்கள். சிரிப்புக்குச் சரி. நிஜத்தில் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். ராத்திரி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முகூர்த்தத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

மறந்தது எல்லாம் திரும்புமா? லேசான அடி என்றால் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ திரும்பிவிடும். காதலும் திரும்பும், பயப்படாதீர்கள். ஆனால் மூளை பதியவே செய்யாத அந்த இடைப்பட்ட நேரம் எங்கிருந்து திரும்பும்? தாலி கட்டியதை ஆல்பத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.