உறையில் தேயும் நீலம்

அமெரிக்காவில் பழைய ரிவால்வரை விலை பேச வருபவர், விசையைத் தொடும் முன்பே குழல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். கருநீலம் போய் வெள்ளை எஃகு பளபளத்தால், அது நெடுங்காலம் இடுப்பில் இருந்த துப்பாக்கி என்று புரிந்துவிடும். தோட்டாக்களைத் தாங்கும் சிலிண்டரின் விளிம்பிலும் அதே தேய்மானம் தெரியும். பிஸ்டலாக இருந்தால் ஸ்லைடு எனப்படும் மேல்பகுதியின் முன்முனையும் ஓரங்களும் வெளுத்திருக்கும். உறைக்குள் போவதும் வருவதுமாக இருந்த ஆண்டுகளின் தடம் இது. சேகரிப்பாளர்கள் சந்தையில், தொழிற்சாலையில் போட்ட மேற்பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே விலை சொல்கிறார்கள். தேய்ந்த இடத்தை மறைக்கப் புதுப்பூச்சு கொடுத்தால் மதிப்பு இன்னும் இறங்கும்.

சேகரிப்பாளர்களின் கவலையோடு இது முடிவதில்லை. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து செய்து, பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம்கூடத் தேவையில்லை. காலையில் இடுப்பில் செருகி இரவில் கழற்றுபவர்கள் ஏராளம். ஹோல்ஸ்டர் எனப்படும் உறையைத் தோலில் வாங்குவதா, பிளாஸ்டிக்கில் வாங்குவதா என்பது அவர்களுக்கு அன்றாடக் கேள்வி.

பதில் சொல்ல, தேய்வது எது என்று முதலில் பார்க்க வேண்டும். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனங்களின் பழைய துப்பாக்கிகளில் உள்ள கருநீலம் மேலே பூசிய சாயம் கிடையாது. எஃகின் மேற்பரப்பையே மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றுவார்கள். ப்ளூயிங் என்று இதற்குப் பெயர். பார்க்க அழகு, ஆனால் கனம் சில மைக்ரான்தான். எண்ணெய் தடவிப் பராமரிக்காவிட்டால் துருவையும் பெரிதாகத் தடுக்காது.

இந்த மெல்லிய படலத்தோடு நூறாண்டுக்கு மேலாகப் புழங்கிவந்தது தோல் உறை. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட கெட்டியான தோலை நனைத்து, துப்பாக்கியின் மேலேயே வைத்து அழுத்தி வடிவம் பிடிப்பார்கள். காய்ந்ததும் அந்த வடிவம் நிற்கும். உடம்பில் உறுத்தாது, எடுக்கும்போது சத்தம் வராது. முதல் உலகப் போர் முதல் 1980கள் வரை அமெரிக்க ராணுவம் தன் எம் 1911 பிஸ்டலைத் தோல் உறையில்தான் சுமந்தது.

தோலின் பலவீனம் ஈரம். வியர்வையையும் மழைநீரையும் உறிஞ்சி, எஃகை ஒட்டியே வைத்திருக்கும். பதனிட்ட சரக்கில் தங்கிய அமிலமும் உப்பும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். தோல் பெல்ட்டின் வளையங்களில் மாதக்கணக்கில் கிடக்கும் பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு படிவதை வேட்டைக்காரர்கள் நன்கு அறிவார்கள். துப்பாக்கியைத் தோல் உறையில் போட்டு அலமாரியில் வைக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். இடுப்பில் இருப்பதைவிட உறையோடு சும்மா கிடப்பதே அதற்கு அதிகக் கேடு.

தோலுக்குப் போட்டியாக வந்தது கைடெக்ஸ். ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1965இல் விமானங்களின் உட்புறத்துக்காகக் கொண்டுவந்த, அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த தகடு இது. சூடாக்கினால் இளகும், அச்சில் அழுத்தி ஆறவிட்டால் இறுகும். முன்னாள் எஃப்.பி.ஐ. அதிகாரி பில் ராஜர்ஸ் 1970களில் இதை உறைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். கைடெக்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, வெயிலிலும் மழையிலும் வடிவம் மாறாது. துப்பாக்கி உள்ளே உட்கார்ந்ததும் ‘க்ளிக்’ என்று பிடித்துக்கொள்ளும்.

கைடெக்ஸ் துப்பாக்கியைச் சுரண்டிவிடும் என்ற புகார் அன்று முதல் இன்று வரை ஓயவில்லை. புதுத் துப்பாக்கியில் சில வாரங்களிலேயே நேர்க்கோடுகளாகக் கீறல் விழுவது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் எஃகைவிட மிருதுவானது. கீறுவது இடையில் சிக்கிய மணல் துகள். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7. மேக்னடைட்டோ 5.5 முதல் 6.5 வரைதான். இறுக்கமான உறைக்குள் ஒரு துகள் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு முறை உருவும்போதும் அது அரம்போல் இழுத்துக்கொண்டு போகும். தோலுக்குள்ளும் இதே துகள் புதைந்து அறுக்கத்தான் செய்கிறது. வழுவழுப்புக்காக உள்ளே ஒட்டும் சூவேட் தோல், தூசியைச் சேர்த்துவைப்பதில் இன்னும் மோசம். தோலில் தேய்மானம் மெருகேறியதுபோலப் பரவலாகத் தெரிகிறது, கைடெக்ஸில் கோடுகளாகத் தெரிகிறது. அதனால் பழி முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல் விழுகிறது.

விலை மலிவான நைலான் உறைகள் மிருதுவானவை என்று பலரும் வாங்குகிறார்கள். குறிப்பிட்ட துப்பாக்கிக்கென்று வடிவம் பிடிக்காத நைலானுக்குள் அது நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கும். உருவிய பிறகு உறையின் வாய் மூடிக்கொள்வதால், ஒரு கையால் திரும்பச் செருகுவதும் கடினம்.

துப்பாக்கித் தொழிலும் சும்மா இருக்கவில்லை. கைடெக்ஸ் வந்த அதே 1965இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ‘மாடல் 60’ என்ற முதல் துருப்பிடிக்கா எஃகு ரிவால்வரை வெளியிட்டது. சட்டைக்கு அடியில் வியர்வையோடு சுமப்பவர்களுக்கு அது பெரிய வரம். 1982இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்த க்ளாக் பிஸ்டலில், நைட்ரஜனையும் கார்பனையும் எஃகின் மேற்பரப்புக்குள்ளேயே ஊடுருவச் செய்தார்கள். மேலே தெரியும் கறுப்பு தேய்ந்து போனாலும் அடியில் உள்ள காப்பு அப்படியே இருக்கும். இத்தகைய துப்பாக்கியில் உறைத் தேய்மானம் வெறும் தோற்றக் குறைதான்.

தோற்றத்தைவிடப் பெரிய விஷயம் விசை. பழகித் தளர்ந்த தோல் உறையின் வாய் உள்ளே மடிந்து, திரும்பச் செருகும்போது விசையை அழுத்தித் தோட்டா வெடித்த சம்பவங்கள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன. விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுதாக மூடி, துப்பாக்கியை உருவிய பின்னும் வாய் விறைப்பாக நிற்பதே நல்ல உறை. கைடெக்ஸ் இதில் இயல்பாகவே தேறுகிறது. தோலிலும் வாய்ப்பகுதியில் உலோகப் பட்டையோ இரட்டைத் தோலோ வைத்துத் தைத்தது தேறும், தளராதவரை.

தேய்மானத்தைக் குறைக்கும் வழிகள் எளியவை. கைடெக்ஸ் உறையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் மணல் போய்விடும். இரவில் துப்பாக்கியை உருவாமல், உறையோடு சேர்த்துக் கழற்றிப் பூட்டுள்ள பெட்டியில் வைத்தால் தினசரி உராய்வு பெருமளவு குறையும். தோலானால், பெட்டிக்குள் வைக்கும் முன் துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசியாக வேண்டும். ராயல் ப்ளூ என்ற ப்ளூயிங் கொண்ட பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வர் வைத்திருப்பவர் அதை எந்த உறையிலும் சுமக்காமல் இருப்பதே நல்லது. தினமும் சுமக்கும் துப்பாக்கிக்கு, அளவெடுத்துச் செய்த கைடெக்ஸே இன்றைய நிலையில் சரியான தேர்வு.