கோடையில் ஓணான் சிவப்பது ஏன்?

சித்திரை பிறந்து, தாமிரபரணி மெலிந்து, அணைக்கட்டுக்குக் கீழே மணல்திட்டுகள் தலைகாட்டும் பருவத்தில், ஸ்ரீவைகுண்டத்துக் கொல்லைப்புறங்களின் முருங்கையிலும் வேலியிலும் வாசம் செய்யும் ஓணான்களுள் ஆண்கள் மட்டும், தலையும் தோளும் குங்குமம் அப்பினாற்போலச் சிவந்து, தொண்டையோரம் கருமை படர, முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பதை யாரும் காணலாம்.

இரத்தம் உறிஞ்சியதால் வந்த சிவப்பென்று சிறுவர் கல்லெறிவது வீண்பழி. அப்பிராணியின் பிரதான ஆகாரம் பூச்சிகளே. இனப்பெருக்க காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் தோலின் நிற அணுக்களைத் தூண்டுவதே காரணமாகும். பெண்ணை வசீகரிக்கவும், தன் எல்லைக்குள் புகும் மற்றோர் ஆணை அச்சுறுத்தவும் இந்த வேஷம் உதவுகிறது. சண்டையில் தோற்றதோ சற்று நேரத்தில் நிறமிழந்து, பழுப்பாகி, சத்தமின்றி நழுவிவிடும். கர்வபங்கம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் பிராணி வேறு அதிகமில்லை!

இதே கோடையில், நண்பகலில் காகம் அலகைப் பிளந்து நிற்பது தாகத்தினால் மட்டுமன்று. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா; ஆகவே வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே, ஏறத்தாழ 40 பாகை செல்சியஸுக்கு மேலுள்ள தம் உடற்சூட்டை அவை மட்டுப்படுத்துகின்றன. அதே காகம் கூடு கட்டும் சமயம் பார்த்துத்தான் குயிலும் கூவுகிறது. காக முட்டை பொரிய 16, 17 நாட்கள் செல்ல, அதே கூட்டில் குயில் இட்ட முட்டை 13 நாட்களளவில் பொரிந்து, குயில் குஞ்சு இரையில் முந்திக்கொள்ளும்.

ஆனியில் மேல்காற்று வீசி, இங்கே துளி மழையின்றியே பொதிகை மழையால் ஆற்றில் நீர் பெருகும்வரை, கொல்லை நிழலில் ஒரு மண்சட்டி தண்ணீர் வையுங்கள். ஓணானை அடிக்க ஓங்கும் கையையும் தடுங்கள்.