சத்திரவைத்திய நிபுணரின் தொழிற்சோர்வு

சத்திரவைத்திய நிபுணர் களைப்பறியாதவர் என்பது பொதுமக்களின் எண்ணம். நாளடைவில் அந்நிபுணரும் தம்மைப்பற்றி அவ்வாறே எண்ணத் தலைப்படுகின்றனர். இவ்வெண்ணத்தின் தீமையை இங்கு சிறிது ஆராய்வாம்.

தொழிற்சோர்வைப்பற்றி 1974ஆம் ஆண்டில் நியூயோர்க் உளவியலறிஞர் ஹேர்பேட் புறொய்டன்பேர்கர் எழுதினார். பின்னர் கிறிஸ்ரீனா மஸ்லாக் அம்மையார் அதன் கூறுகளை மூன்றாக வகுத்தார்: உள்ளம் வற்றிப்போதல், நோயாளியை மனிதராகக் கருதாமை, தம் பணியாற் பயனில்லையென மனமுடைதல். உலக சுகாதார தாபனம் 2019இல் இதனை நோயெனக் கொள்ளாது, தணிக்கப்படாத தொழில் நெருக்கடியின் விளைவென்றே வகைப்படுத்திற்று.

அமெரிக்கச் சத்திரவைத்தியர் கல்லூரி 2008இல் நடத்திய விசாரணைக்கு 7,905 பேர் விடையிறுத்தனர். அவருள் நூற்றுக்கு 40 பேரிடம் இச்சோர்வு காணப்பட்டது. வாரத்து வேலைநேரமும், இரவழைப்பும், ஊதியம் முழுவதும் சிகிச்சைக் கட்டணத்தையே சார்ந்திருத்தலும் அதனோடு தொடர்புற்றிருந்தன. விபத்துச் சத்திரவைத்தியரிடையே அது மிகுந்திருந்தது. இதில் வியப்பில்லை. நள்ளிரவில் குருதி பெருகக் கொணரப்படுபவர் விடியும்வரை காத்திருத்தல் இயலாது. இரவெல்லாம் விழித்த நிபுணரை மறுநாட் காலைச் சிகிச்சைகளும் எதிர்நோக்கியிருக்கும். அவை முடிந்தபின் கணினிப் பதிவுகள் எஞ்சிநிற்கும். பயிற்சிபெறும் வைத்தியருக்கு 2003 முதல் அந்நாட்டில் வாரம் 80 மணி என்னும் எல்லையுண்டு. பயிற்சி முடித்த நிபுணரை அவ்விதி காப்பதில்லை.

அவ்விசாரணையில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பேர், முந்திய மூன்று மாதங்களுள் தாம் பெருந்தவறொன்று இழைத்ததாகக் கூறினர். அவரிடையே தொழிற்சோர்வும் மிகுந்திருந்தது. சோர்வு தவறை விளைத்ததோ, தவறு சோர்வை விளைத்ததோ என்பது அதனால் துணியப்படவில்லை. ஒன்றையொன்று வளர்த்தலுங் கூடும். ஆயின் அவருள் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் குற்றத்தை வேலை ஏற்பாட்டின்மீது சுமத்தாது தனியாள் மீதே சுமத்தினர் என்பது நம் சிந்தனைக்குரியது. ஆளைக் குறைகூறி அமைவோமாயின், ஏற்பாடு திருந்தாது. அடுத்த நோயாளிக்கும் அதே இடர் காத்திருக்கும்.

ஆதலின், இரவுக் கடமைக்குப்பின் ஓய்வு, அழைப்பைப் பகிர்ந்துகொள்ளப் போதிய நிபுணர், எழுத்துவேலைக்கு உதவியாளர் என்பவற்றை நோயாளியின் பாதுகாப்புக்குரியனவாகவே கொள்ளல் வேண்டும். வைத்தியத்துறை புகவிருக்கும் மாணவர் ஓய்வைக் கோருதல் இழுக்கென எண்ணற்க. வைத்தியசாலைகளை நிருவகிக்கும் பழைய மாணவர், அவர் கோருமுன்னரே அதனை அளிக்க முற்படுவாராக.